மாளிகையை வரைந்து தந்தவர்

கேஸ் எழுதுவதில் எனக்குக் கைராசி என்று, கனடாவில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் முழுக்க ஒரு பெயர் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கிழமை நாட்களில் தையல் பக்டரி ஒன்றில் சேட்டுக்குக் கொலர் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சாப்பாட்டு மேசையில் இருந்து மற்றவர்களின் துன்பத்தை ஆங்கிலத்தில் எழுதுவேன். அகதிக் கோரிக்கைப் படிவத்தில், நாட்டை விட்டு ஏன் வந்தீர் என்று கேட்கும் பகுதி ஒன்று இருக்கும். அதைத்தான் எங்கள் சனம் கேஸ் என்று சொல்லும். ஊரில் இரண்டு வருடம் ஆங்கில ரீச்சராக இருந்தவள் நான். எங்கள் கட்டடத்தில் அந்தளவுக்கு ஆங்கிலம் தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்தவர்களுக்குப் பொறுமை குறைவு. நான் எழுதியவை அநேகமாக வென்றன. தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது.

வென்ற கேஸ் எங்களுக்குள் பொதுச்சொத்து. ஒருவருக்கு அக்செப்ட் ஆகிவிட்டால் அடுத்த கிழமையே யாராவது ஒரு பெட்டி லட்டோடு வந்து, "அக்கா, உந்தக் கேஸிலை ஒரு கொப்பி தாங்கோ, பாத்து எழுத" என்று கேட்பார்கள். நான் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் கறுப்பு மார்க்கரால் அழித்துவிட்டுக் கொடுப்பேன். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வந்தவர்கள் பட்டது உண்மை. செல் விழுந்ததும் உண்மை, பிள்ளையைப் பறிகொடுத்ததும் உண்மை. அதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஒழுங்கைத்தான் இரவல் வாங்கினார்கள். நானும் பெரிய மனதோடு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னிடம் வந்தது ஒரு மாசி மாத ஞாயிறு. பனிச் சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் சுவரோடு நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஐம்பத்தெட்டு வயது. எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடியில் மூன்று பெடியன்களோடு ஒரு அப்பார்ட்மென்ற்றைப் பங்கு போட்டிருந்தார். கொழும்பில் ஜனாதிபதி மாளிகையில் வேலை செய்தவர் என்று தெரிந்ததும் பெடியன்கள் அவருக்கு மாளிகை அங்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாளிகையில் இருந்தவர் இப்போது குளிக்க லைனில் நிற்கிறார் என்று பகிடி வேறு.

"அங்கை என்ன வேலை அங்கிள் செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"தண்ணியும் கழிவும், பிள்ளை. பைப் ஓவசியர். முப்பத்தொரு வருசம்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. மாளிகை என்றதும் செயலாளர், மொழிபெயர்ப்பாளர் என்று ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. மனைவியும் மகளும் கொழும்பிலேயே வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தார்கள். மகளுக்குப் பத்தொன்பது வயது, கம்பஸ் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தனக்கு இங்கே அக்செப்ட் ஆனால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

"கெதியா எடுக்க வேணும், பிள்ளை. ஆம்பிளை இல்லாத வீடு. செக்கிங் எண்டு வந்தா அவள்தான் கதவு திறக்க வேணும்," என்றார். அன்றைக்கு மட்டும் அதை மூன்று தடவை சொன்னார்.

அவருடைய கதை சிறியது. ஒருநாள் பின்னேரம் இயக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் அவருடைய வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத் தேத்தண்ணி குடித்தார்கள். மாளிகையின் உட்புறத்தைப் படமாகக் கீறித் தரும்படி கேட்டார்கள். எந்த வடிகால் எங்கே போகிறது, எதற்குள் ஆள் புகலாம் என்று. அவர் முடியாது என்றார். யோசித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு கிழமை கழித்து வேறு ஆட்கள் வந்தார்கள், அரசாங்கத்தின் ஆட்கள். இவர்கள் தேத்தண்ணி குடிக்கவில்லை. அவரைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். படத்தை யாருக்குக் கொடுத்தாய்? பன்னிரண்டு நாள் கேட்டார்கள். கீறவே இல்லை என்று பன்னிரண்டு நாளும் சொன்னார். பிறகு விட்டார்கள். வேலை அடையாள அட்டையைத் திருப்பித் தரவில்லை. வெளியில் வந்த மறுநாள் முதலில் வந்த இளைஞர்களில் ஒருவன் தெருமுனையில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த மாதம் விமானம் ஏறினார்.

இதை அவர் ஒரு குழாய் வெடித்த கதை சொல்வதைப் போலத்தான் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. விசாரணையில் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

அவருடைய கேஸைப் பாரமெடுத்த லோயரும் அதையேதான் சொன்னார். முப்பத்தொரு வருடம் அரசாங்கச் சம்பளம் எடுத்தவர், கொழும்பிலேயே குடியிருந்தவர், கையில் ஒரு துண்டுக் கடிதாசிகூட இல்லாதவர். மாளிகையில் வேலை செய்ததையே நம்பமாட்டார்கள், பிறகு மற்றதை எப்படி நம்புவது? கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார். உள்ளே முப்பத்தொரு வருடம் கிடந்த மனிதரால் அந்தக் கட்டடத்தின் அடியை வரைய முடியுமல்லவா? அப்படி ஒரு படம் இருந்தால் அது அடையாள அட்டையை விடப் பெரிய சாட்சி.

நான் ஓடி வந்து அவரிடம் சொன்னேன்.

"அதுக்குத்தானே பிள்ளை நான் ஓடி வந்தனான்."

"இது கொழும்பு இல்லை அங்கிள். கதவு பூட்டின அறையிலை விசாரணை. பைலை வேறை ஒருத்தரும் பாக்க ஏலாது. சட்டம் அப்பிடி."

"முப்பத்தொரு வருசம் அது என்ரை தலைக்குள்ளைதான் இருந்தது. கடுதாசியிலை ஒருநாளும் வரேல்லை. அடிச்சுக் கேட்டும் வரேல்லை."

"அப்ப உங்கடை மகள்?" என்று கேட்டேன். "உங்கடை மகளை விட அந்த வீடு பெரிசோ?"

அப்படித்தான் கேட்டேன். இன்றைக்கு அதை எழுத என் கை கூசுகிறது. அப்போது கூசவில்லை. நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வந்தார். கையில் ஒரு அடிமட்டமும் இரண்டு பென்சிலும் இருந்தன.

மூன்று ஞாயிறுகள் வரைந்தார். பக்டரியில் அளவு வெட்டும் பெரிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அதை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் என் உப்புப் போத்தல், மிளகாய்த்தூள் போத்தல்களை வைத்துக்கொண்டு குனிந்தார் என்றால் நிமிர மாட்டார். கட்டடத்தை அவர் மேலே இருந்து வரையவில்லை. கீழே இருந்துதான் வரைந்தார். முதலில் வடிகால்கள், பிறகு குழாய்கள், அதற்கும் மேலேதான் சுவர்கள். வரையும்போதுதான் அவருடைய வாய் திறந்தது. அரசர்கள், ஆளுநர்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்த வரலாறு அவரிடம் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது மண்ணுக்குக் கீழே இருந்த வரலாறு.

"முதல் போர்த்துக்கீசன்ரை கோயில் ஒண்டு இருந்ததாம் அந்த இடத்திலை. பிறகு ஒல்லாந்தன் வந்தான். பின் தோட்டப் பக்கம் அவன்ரை கோயிலும் சவக்காலையும். எலும்பெல்லாம் கிண்டி வேறை கோயிலுக்குக் கொண்டு போனது எண்டு சொல்லுவினம். எல்லாம் போகேல்லை. பைப் புதைக்கத் தோண்டேக்கை எனக்கு ரெண்டு தரம் வந்தது."

"என்ன செய்தனீங்கள்?"

"திருப்பி மூடிப்போட்டுப் பைப்பை ரெண்டடி தள்ளித் தாட்டன்."

கடைசி ஒல்லாந்த ஆளுநர் தனக்கென்று கட்டிய வீடுதான் அது. அவருடைய பேத்திக்குப் போய், பேத்தி ஒரு வெள்ளைக்காரனைக் கட்டி, அவன் பார்த்த அரசாங்கக் கணக்கில் துண்டு விழ, வீட்டை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆளுநர்களின் வீடு. லண்டனில் ராசா இருந்தால் ராசா மாளிகை, ராணி இருந்தால் ராணி மாளிகை. குடியரசு வந்தபோது ஜனாதிபதி மாளிகை ஆனது. பெயர்ப்பலகை கழற்றிய அன்று அவர் அடுக்களைக்குக் கீழே அடைப்பெடுத்துக்கொண்டிருந்தாராம். மேலே கைதட்டல் கேட்டது, ஆனால் தண்ணீர் இறங்கவில்லை என்றார். ஒல்லாந்தனின் செங்கல் வடிகால் அப்படியே இருந்தது. ஆங்கிலேயனின் வார்ப்பிரும்பை உப்புக்காற்று தின்றது. எங்கள் காலத்து பிளாஸ்டிக்கை எலி தின்றது. ஜனாதிபதிமார் சிலர் அங்கே படுத்தார்கள், சிலர் வேறு வீட்டில் படுத்தார்கள். யார் படுத்தாலும் கழிவு கழிவுதான் என்றார். அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

நாட்டின் வீதிகளுக்கெல்லாம் தூரம் அளந்தது அந்த வாசலில் இருந்துதான் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். சின்ன வயதில் பஸ்ஸில் இருந்து நான் எண்ணிக்கொண்டு போன மைல்கற்கள் எல்லாம் அங்கே தொடங்கியவை. அந்த வாசலுக்கு அவர் முன்பெல்லாம் சைக்கிளில் போனார். தோட்டத்தில் வெள்ளைக் கல்லில் ராணி இருப்பாள், அவளுக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாத்துவார். பிறகு வேலிக் கம்பி வந்தது, மணல் மூட்டை வந்தது, தெருவை மூடினார்கள். கோட்டைப் பக்கம் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு மூன்று இடத்தில் கையைத் தூக்கி நின்றுதான் வேலைக்குப் போனார். இருபது வருடம் கூட வேலை செய்த காவற்காரனே அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கிண்டிப் பார்த்தான். அவன் கண்ணைப் பார்க்காமல் கிண்டினான் என்றார்.

மூன்றாவது ஞாயிறு, பம்ப் அறையை வரையும்போது பென்சில் நின்றது.

"எண்பத்து மூண்டிலை நான் இதுக்குள்ளைதான் இருந்தனான். நாலு நாள். வெளியிலை எங்கடை சனத்தைத் தேடித் தேடி எரிக்கிறாங்கள். என்னோடை வேலை செய்த சிங்களப் பெடியன் ஒருத்தன் என்னை உள்ளுக்கு விட்டுப் பூட்டிப்போட்டு, ஒவ்வொரு நாளும் மாளிகை அடுக்களையிலை இருந்து சோறு கொண்டு வந்தான். அவன் இப்பவும் அங்கைதான். சமையற்காரர், தோட்டக்காரர், எல்லாரும் அங்கைதான். குண்டு வைக்கிறவனுக்கு அவையளைத் தெரியாது, எனக்குத் தெரியும். அதுதான் பிள்ளை நான் கீறேல்லை."

அப்போதாவது நான் அந்தத் தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இதையும் கேஸில் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சேர்த்தும் எழுதினேன்.

பெரிய தாளைச் சிறிதாக்கிப் பிரதி எடுத்தோம். லோயருக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூலத்தை அவர் வாங்கிக்கொண்டு போய்ச் சிங்கில் போட்டு எரித்தார். நெருப்பு அலாரம் அடித்து, கட்டடம் முழுக்கப் பனியில் இறங்கி நின்றது. பெடியன்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

விசாரணைக்கு நானும் லோயரின் உதவியாள் என்று போய் இருந்தேன். விசாரித்தவர் ஒரு வயதான பெண்மணி. படத்தை மேசையில் வைத்துக்கொண்டு, இந்தக் கோடு என்ன, அந்தக் கோடு எங்கே போகிறது என்று கேட்டார். அங்கிள் எழுந்து நின்று, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். ஒல்லாந்த வடிகாலில் செங்கல் எப்படி அடுக்கியிருந்தது என்று அவர் சொன்னபோது அந்தப் பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். அன்றைக்கே அக்செப்ட் என்று சொல்லிவிட்டார்கள். வெளியில் வந்து அங்கிள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். கொழும்பில் பன்னிரண்டு நாளும் அழாத மனிதர். எனக்கும் அழுகை வந்தது. அதோடு பெருமையும் வந்தது, அதை மறைப்பானேன்.

மனைவியையும் மகளையும் கூப்பிடும் படிவத்தையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அது நகரத் தொடங்கியது.

இரண்டு மாதம் போயிருக்கும். பக்டரியில் என் பக்கத்து மெசினில் தைத்தவள் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கையைப் பிடித்தாள். அவளுடைய தம்பி கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில், ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்தான். கொழும்பில் நாலு வருடம் இருந்துவிட்டவன். யாழ்ப்பாணத்துக் கேஸ்கள் அவனுக்குப் பொருந்தாது.

"அக்கா, கொழும்புக் கேஸ் ஒண்டு வெண்டதெண்டு எல்லாரும் கதைக்கினம். அதைத் தாங்கோ. அவன் வெளிக்கிட முதல் வாசிச்சு ஒரு ஐடியா எடுக்கட்டும். ஊருக்குப் போற ஆள் ஒருத்தர் இருக்கிறார், குடுத்து விடலாம்."

வழக்கம்தானே. அன்று பின்னேரம் மேசையில் இருந்து மார்க்கரை எடுத்தேன். பெயரை அழித்தேன். மனைவியின் பெயர், மகளின் பெயர், வெள்ளவத்தை விலாசம், எல்லாவற்றையும் அழித்தேன். எழுத்துத் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். அவ்வளவு கவனம் எனக்கு. கடைசிப் பக்கம் படம். மார்க்கரைத் திறந்து வைத்துக்கொண்டு அதையும் பார்த்தேன். அதில் யாருடைய பெயரும் இல்லை. அழிக்க ஒன்றும் இல்லையென்று மார்க்கரை மூடினேன். எல்லாப் பக்கங்களையும் சேர்த்துக் குத்திக் கொடுத்துவிட்டேன்.

இதைப் பிறகு ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு அந்தப் படம் எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. கேஸ் என்றால் முழுதாகக் கொடுப்பதுதான் பழக்கம், கொடுத்தேன். கனடாவில் இருந்து பார்த்தபோது அது எனக்கு ஒரு கட்டடத்தின் படம், அவ்வளவுதான். அதைக் கையில் வைத்திருப்பவனுக்குக் கொழும்பில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கேஸை எழுதியவளே நான்தான்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அங்கிள் லொபியில் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். ஜக்கெற் போடாமல் நின்றார்.

"மகளைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், பிள்ளை."

கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பையனுடைய பையில் மாளிகையின் படம் இருந்திருக்கிறது. கூடவே ஆங்கிலத்தில் சில பக்கங்கள். அதில் எழுதியிருந்தது மாளிகையின் தமிழ் பைப் ஓவசியர் ஒருவரின் கதை. பெயர்களை நான் அழித்திருந்தேன். மாளிகைக்கு இருந்தது ஒரே ஒரு தமிழ் பைப் ஓவசியர்தான். விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தை வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மகள்தான் போய்த் திறந்திருக்கிறாள். இப்போதும் அதே கேள்விதான், படத்தை யாருக்குக் கொடுத்தாய்?

தபால்பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் படம் எப்பிடிப் பிள்ளை அங்கை போனது?"

"தெரியேல்லை, அங்கிள்," என்றேன்.

அந்த இரண்டு சொல்லும் அவ்வளவு சுலபமாக வந்தன.

அவர் என் முகத்தில் இருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "சரி. ஒரு கடிதம் எழுத வேணும். நீர்தான் எழுத வேணும்," என்றார். மேலே வந்து மேசையில் இருந்தோம். அன்றைக்கு முதல் கடிதம் எழுதினேன். தூதரகத்துக்கு, எம்.பி.க்கு, மனித உரிமைக்காரருக்கு, கொழும்பில் இருந்த வக்கீலுக்கு, எல்லோருக்கும் எழுதினேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் வருவார், சப்பாத்தை நேராக வைப்பார், எதிரில் இருப்பார். வரைந்த ஒரே குற்றத்துக்கு அவர்தான் பொறுப்பு, மகளுக்கு ஒன்றும் தெரியாது, அது கனடாவில் விசாரணைக்காக வரைந்தது என்று எழுதி, விசாரணைச் சபையின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம். வேறு கேஸ் எழுதுவதை விட்டுவிட்டேன். லட்டுப் பெட்டியோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். நான் எரிந்து விழுகிறேன் என்று கட்டடத்தில் கதைத்தார்கள்.

பக்கத்து மெசின்காரி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். அவளுடைய தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. ஒருநாள் மெசினை நிறுத்திவிட்டு, "நான்தானே அக்கா கேட்டு வாங்கினனான்," என்று ஒரு தடவை சொன்னாள். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள். இன்றுவரை அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் முகத்தை நான் ஒரு பாஸ்போட் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

பதினான்கு மாதம் கழித்து மகளை விட்டார்கள். வழக்கு ஒன்றும் போடவில்லை. அதற்குப் பிறகும் இங்கே வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

விமான நிலையத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாய் வந்து அவருடைய தோளில் விழுந்து அழுதார். மகள் இரண்டு அடி தள்ளி, பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வயதுக்கு அவளுடைய முன்மயிர் நரைத்திருந்தது. கட்டடத்துக்கு வந்து எலிவேற்றர் கதவு திறந்ததும் அவள் ஏறவில்லை. உள்ளே ஏறி நின்ற நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "நான் நடந்து வாறன்," என்றாள். பதினோராம் மாடிக்கு நடந்தாள். அன்றைக்கு மட்டுமில்லை. கடைக்கு, வகுப்புக்கு, வேலைக்கு, எல்லாவற்றுக்கும் நடந்துதான் ஏறினாள், நடந்துதான் இறங்கினாள். பூட்டிய கதவுக்குள் அவளால் இருக்க முடியவில்லை. குளிக்கும்போதும் கதவைத் திறந்துதான் வைப்பாள், தாய் வெளியில் கதிரை போட்டு இருப்பார்.

வந்து இரண்டு கிழமையில் என் வீட்டுக்கு வந்தாள். அவளே செய்த ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். நான் வாசல் கதவைத் திறந்தே விட்டேன்.

"அக்கா, என்னை விடேக்கை ஒரு ஒஃபிசர் ஒரு பைல் காட்டினவர். முழுக்க உங்கடை கடிதங்கள். கனடாவிலை இருந்து இவ்வளவு பேர் உன்னைக் கேக்கினம் எண்டு சொன்னவர். எல்லாம் ஒராள்தான் எழுதினது எண்டு அப்பா பிறகுதான் சொன்னார். நீங்கள் இல்லாட்டி நான் இல்லை, அக்கா."

என் காலைத் தொடக் குனிந்தாள். நான் பதறிப் பின்னால் போனேன். அவள் அதை அடக்கம் என்று நினைத்திருப்பாள். அவள் போன பிறகு அந்த ரொட்டியை என்னால் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. மூன்று நாள் மேசையில் கிடந்தது.

நாலாம் நாள் ஞாயிறு. அங்கிள் வழமை போல வந்தார். எழுத ஒன்றும் இல்லை, பழக்கத்தில் வந்திருந்தார். தேத்தண்ணி போட்டு முன்னால் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"அங்கிள், அந்தப் படத்தைக் குடுத்தது நான்தான். என்னோடை வேலை செய்தவளின்ரை தம்பிக்கு. பாத்து எழுதக் குடுத்தனான்."

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார்.

"எப்பவிருந்து தெரியும்?"

"அண்டைக்கு லொபியிலை வைச்சே தெரியும். மூண்டு கொப்பிதானே எடுத்தது. லோயருக்குக் கொட்டாஞ்சேனையிலை ஆரைத் தெரியும்? நீர் தெரியேல்லை எண்டு சொன்னீர். நான் உம்மடை முகத்தைப் பாத்தனான்."

"தெரிஞ்சும் ஏன் என்னட்டை வந்து எழுதச் சொன்னனீங்கள்? ரெண்டரை வருசம் ஒவ்வொரு ஞாயிறும் ஏன் வந்தனீங்கள்?"

"வேறை ஆரிட்டைப் போறது?" என்றார். குரல் ஏறவில்லை. "எனக்கு இங்கிலிஷ் தெரியாது. காசு குடுத்துப் பிடிக்க வசதியில்லை. நல்லா எழுதிறது நீர்தான். உம்மோடை கோவிச்சா என்ரை பிள்ளை உள்ளுக்கை கிடப்பாள். அதாலை கோவிக்க ஏலாமல் போச்சுது."

தேத்தண்ணிக் கோப்பையை மேசையின் நடுவுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இப்ப அவள் வந்திட்டாள்," என்றார். "இப்ப ஏலும்."

குனிந்து சப்பாத்தைப் போட்டார். நாடாவைக் கட்ட வெகுநேரம் எடுத்தது, நான் அசையாமல் நின்றேன். அவளிடம் சொல்லப்போகிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்தாமல் போனார். அதற்குப் பிறகு அவர்கள் அஜின்கோர்ட் பக்கம் நிலத்தளத்தில் வீடு எடுத்துப் போகும்வரை ஒரே கட்டடத்தில்தான் இருந்தோம். எலிவேற்றரில் எத்தனையோ தடவை பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறோம். அவர் என்னோடு ஒரு சொல் பேசவில்லை.